இறுக்கிப் போட்ட மெட்டி

“பாருங்களேன் அந்த ஆளை! இன்னைக்கும் மெட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கான்” என்று கணவர் காதைக் கடித்தாள் செல்லக்கிளி.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சு. செல்லக்கிளியின் கணவருக்கு இடது காலில் ஆறாத சர்க்கரைப் புண்.

எதிர் பெஞ்சுக்காரி வேணி. புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து நோயை விரட்டிவிட்டு, காலில் தீராத எரிச்சலை வைத்துவிட்டுப் போயிருந்தது. அழுத்தம் கூட்டிய ஆக்சிஜன் அறையில் தினமும் கொஞ்ச நேரம் இருந்தால் நரம்பு தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அந்த அறைக்குள் ஒரு பொட்டு உலோகம்கூட ஆகாது. தாலிச் செயினுக்குப் பதில் மஞ்சள் கயிறு. மெட்டியைக் கழற்றிக் கணவன் சிவசங்கரனிடம் கொடுத்துவிட்டுப் போவாள் வேணி.

அவள் வெளியே வந்து உட்கார்ந்ததும் அவன் தரையில் குத்தவைப்பான். மெட்டியை மாட்டி, விரலோடு சேர்த்து ஒரு நசுக்கு நசுக்குவான் பாருங்கள்! அவள் வாயே திறக்க மாட்டாள். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, மெட்டியைத் தளர்த்திவிட்டு எழுந்திருப்பான்.

செல்லக்கிளிக்கு வாய் சும்மா இருக்காது. இன்று வேணி வெளியே வந்து உட்கார்ந்ததும் கேட்டேவிட்டாள்.

“ஏன் தம்பி, கால் எரியுதுன்னு அந்தப் புள்ள தவிக்கி. ஒருநாள் மெட்டி போடாட்டா உங்க மானம் கப்பலேறிருமோ?”

அவன் குத்தவைத்து மெட்டியை மாட்டி அழுத்தினான்.

“ஆ! வலிக்குங்க!” காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள் வேணி.

“பாத்தீயளா! இன்னைக்காவது வாயத் தொறந்தாளே” என்றாள் செல்லக்கிளி.

“என்ன சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு” என்றான் சிவசங்கரன் வேணியிடம்.

செல்லக்கிளி எழுந்தேவிட்டாள். “மிரட்டுதீயளோ?”

வேணி அதைக் காதில் வாங்கவில்லை. “வலிக்குன்னு சொன்னேன். நெசமாத்தான். நீங்க தொட்டது தெரியுது!”

சிவசங்கரன் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் விசும்பி விசும்பி அழுதான்.

வேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்லக்கிளியிடம் சொன்னாள். “எரியுமே தவிர, தொட்டா தெரியாதுக்கா. ஆணி ஏறி ரத்தம் வந்தப்பகூட எனக்குத் தெரியல. அதான் தெனமும் அழுத்திப் பாக்காவ. என்னைக்காவது வலிக்குன்னு சொல்லிர மாட்டேனான்னு.”

செல்லக்கிளி உட்கார்ந்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

“அந்த நல்ல கால இங்கன நீட்டுங்க.”

நீட்டினார். பெருவிரலில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

“ஏட்டி! கொல்லப் பாக்கியா?” என்று அலறினார் அவர்.

“அப்பாடா!” என்றாள் செல்லக்கிளி.