போலிக்கு ஐந்து அடையாளங்கள்

14.9.2006, வியாழன்.

இன்று ஒரு தவறு செய்தேன். பெரம்பலூர் மாலைக் கணினி வகுப்பில் எல்லோரும் 'போலி' என்று எழுதிய மின்னஞ்சலை நான் ஒருத்தி மட்டும் 'உண்மை' என்று எழுதினேன்.

மின்னஞ்சல் பக்கத்து நாற்காலி பெனாசிருக்கு வந்தது. துபாய்க் கடை ஒன்றுக்கு மூன்று மாதம் பொருள்பட்டியல் தட்டச்சு செய்து கொடுத்திருந்தாள். அவள் சம்பாதித்த முதல் கூலி அது. இணையப் பணச் சேவை ஒன்றின் வழியாக வர வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் கணக்கைத் திறந்து பணத்தை ஏற்காவிட்டால் அது அனுப்பியவருக்கே திரும்பிவிடும் என்றது மின்னஞ்சல்.

பயந்துபோய் வகுப்பு நடத்தும் சாமிதுரை சாரிடம் காட்டினாள். சார் அதை அச்செடுத்துப் பாடமாகவே நடத்திவிட்டார். உண்மையா, போலியா என்று எங்களை எழுதச் சொன்னார்.

போலிக்கு ஐந்து அடையாளங்கள் என்று பலகையில் எழுதினார். பெயர் தப்பாக இருக்கும். அவசரப்படுத்தும். பணம் என்று ஆசை காட்டும். லிங்க்கை அழுத்தச் சொல்லும். பாஸ்வேர்டு கேட்கும்.

கடைசியை இரண்டு முறை அடிக்கோடிட்டார். எங்கள் எல்லோருடைய பாஸ்வேர்டும் சாரின் மேசை நோட்டில்தான் இருக்கிறது. நாங்கள் மறந்துவிடுவோமாம்.

நான் வரிசையாகச் சரிபார்த்தேன். லிங்க் இல்லை. முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே வாருங்கள் என்றுதான் இருந்தது. பாஸ்வேர்டும் கேட்கவில்லை. ஆனால் மற்ற மூன்றும் இருந்தன. மூன்று பெரியதா, இரண்டு பெரியதா என்று கொஞ்ச நேரம் குழம்பினேன்.

சாருக்கு அந்தக் குழப்பம் இல்லை. முதல் வரியே போதும் என்றார். 'அன்புள்ள நஜீமுதீன்' என்று தொடங்கியிருந்தது. நஜீமுதீன் பெனாசிருடைய அப்பா; அத்தா என்பாள்.

"ஏம்மா ஆர்த்தி, பொண்ணுக்கு எழுதுறவன் அவ அத்தா பேரச் சொல்லிக் கூப்புடுறான், அது ஒனக்கு நெசமாத் தெரியுதா? ஒனக்கெல்லாம் ஒரு மெயில் போட்டாப் போதும், வூட்டுப் பத்திரத்தையே ஸ்கேன் பண்ணி அனுப்பிருவ."

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். 'உண்மை'யை அடித்துவிட்டுப் 'போலி' என்று எழுதினேன்.

பெனாசிர் எல்லோர் முன்னிலையிலும் மின்னஞ்சலை அழித்தாள். கைதட்டினார்கள்.

பஸ் ஏறும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேள ஆர்த்தி, சார்கிட்ட காட்டுனேன். இல்லன்னா ஏமாந்துருப்பேன்."

பஸ் போய்விட்டது.

'உண்மை' என்று எழுதியதற்கு என்னிடம் இன்னொரு காரணம் இருந்தது. சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள்.

ஜூன் மாதம் அந்தப் பணச் சேவையில் பெனாசிர் கணக்குத் தொடங்கியபோது, படிவத்தில் பெயருக்கு ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. நமக்கு இனிஷியல்தானே முன்னால் வரும். அதனால் முதல் பெட்டியில் அத்தா பெயர், இரண்டாவதில் அவள் பெயர்.

அந்தப் படிவத்தை நிரப்பியது நான்.

நாளை, வெள்ளி: காலை ஏழு மணி பஸ்ஸில் பெனாசிரின் ஊரான லெப்பைக்குடிக்காட்டுக்குப் போய், பணம் திரும்பிப் போவதற்குள் இதை அவளிடம் சொல்வது.