இரண்டு வரை எண்ணத் தெரியாதவன்

பந்து வீசுபவன் நிற்கும் மேட்டுக்கு நான் போய்ச் சேர்ந்ததும் அம்பயர் கஸ் முகமூடியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"வெண்டல், இந்த இன்னிங்ஸ்ல இது ரெண்டாவது தடவைப்பா."

நான் வாயைப் பிளந்தேன்.

பேஸ்பாலில் மேனேஜராக இருக்கப் பெரிய மூளை வேண்டாம். இரண்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும். ஒரு இன்னிங்ஸில் பந்து வீசும் பிட்சரிடம் ஒரு தடவை நடந்துபோய்ப் பேசலாம். மறுபடி போனால் அந்தப் பிட்சர் வெளியேறியாக வேண்டும். மைதானத்தில் பாப்கார்ன் விற்கிறவருக்கும் தெரிந்த விதி.

வெளியேற வேண்டியவன் லானி பிக்கெட். வயது முப்பத்தொன்று. ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஆறு முடிந்தும் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அவனைப் பார்க்கவென்றே ஒரு பெரிய லீக் அணி ஆள் அனுப்பியிருந்தது. வைக்கோல் தொப்பிக்காரர். நாலு மணி நேரம் கார் ஓட்டி, சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் எங்கள் நெப்ராஸ்கா மைதானத்துக்கு வந்து, முதல் வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். லானி ஒன்பது வருடமாகக் காத்திருந்த தொப்பி அது.

கூட்டம் எழுந்து நின்றது. கூட்டம் என்றால் நானூறு பேர். சத்தம் மட்டும் நாலாயிரம் பேருக்கு இருந்தது.

"விரலை மடக்கி எண்ணுய்யா, வெண்டல்!"

வெளியேறும் பிட்சர் பந்தை மேனேஜர் கையில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். லானி நீட்டிய பந்து என் உள்ளங்கைக்கு வருமுன்னே தரையில் விழுந்தது. கூட்டம் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. எனக்கு எதிராக எது நடந்தாலும் கைதட்டும் நல்ல மனிதர்கள்.

என் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வருடம், பதினோரு ஊர், கேட்சர் வேலை. அதாவது, பிட்சர் வீசுவதைக் குந்தி உட்கார்ந்து பிடிப்பவன். பெரிய லீக்கில் ஒன்பது நாள் இருந்தேன். ஒரே ஒரு தடவை மட்டை பிடிக்க விட்டார்கள். மூன்று தவறினால் அவுட். மூன்று பந்து வந்தது. மூன்றாவதை நான் பார்க்கவில்லை. அதுவும் என்னைப் பார்த்திருக்காது.

பிறகு மேனேஜர் ஆக்கினார்கள். பதினாறு வருடமாகச் சூரியகாந்தி விதை கடித்துத் தோலைத் துப்புகிறேன், இடையிடையே பிட்சர்களிடம் "கை எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன்.

"அருமையா இருக்கு, ஸ்கிப்" என்பார்கள். மேனேஜருக்கு எங்களிடம் ஸ்கிப் என்றுதான் பெயர்.

இதுவரை கை வலிக்கிறது என்று என்னிடம் சொன்ன பிட்சர்கள் பூஜ்யம். அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் அருமையாகத்தான் போனார்கள்.

குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் உடைந்த கட்டைவிரலோடு ஒரு மாதம் ஆடியவன். யார் கேட்டாலும் அருமை. இன்றுவரை அந்த விரலால் ஒரு பாட்டில் மூடியைத் திருக முடியாது.

அன்றைக்கு முதல் தடவை மேட்டுக்குப் போனபோதும் அதைத்தான் கேட்டேன். லானியும் அதைத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, கிளவ் மாட்டியிருந்த இடது கையாலேயே நெற்றியில் இறங்கிய தொப்பியைத் தள்ளிக்கொண்டான். சும்மா இருந்த வலது கை தொடையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். லானி வீசிய அடுத்த நாலு பந்தும் நாலு திசைக்குப் போயின, மட்டைக்காரனுக்கு ஓசியில் ஒரு தளம் கிடைத்தது. அடுத்த ஆள் மட்டையோடு வந்து நின்றான். நான் மறுபடி எழுந்து நடந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் வைக்கோல் தொப்பிக்காரர் கம்பி வேலி ஓரம் வந்தார்.

"பையன் நல்லாத்தான் போடறான். ஆகஸ்ட் கடைசில மறுபடி வர்றேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு வரைக்கும் எண்ணப் பழகிக்குங்க."

"முயற்சி பண்றேன். முதல் எண் வந்துடுச்சு" என்றேன்.

உள்ளே எல்லோரும் குளித்து, துணி மாற்றி, என்னைத் திட்டி முடித்துக் கிளம்பியிருந்தார்கள். லானி மட்டும் வியர்வை காய்ந்த ஆட்டச் சட்டையோடு தன் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கஸ்ஸுக்கு விதியில சந்தேகம் வந்தா உங்களைத்தான் கேப்பாரு" என்றான். "தெரிஞ்சேதான வந்தீங்க?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு ஜோக் சொல்லலாம் என்று பார்த்தேன். அகப்படவில்லை.

"நானா உன்னை மாத்தியிருந்தா அந்தாளு நோட்டுல உன் கையைப் பத்தி எழுதியிருப்பான். இப்ப என் மூளையைப் பத்தி எழுதியிருக்கான். அது இனிமே எப்படியும் விலை போகாது, எழுதிட்டுப் போகட்டும்."

வெள்ளிக்கிழமை அடுத்த ஆட்டம். அருமை என்று சொன்னால் அவனைத்தான் இறக்கியாக வேண்டும். இரண்டாவது தடவை எண்ணத் தெரியாமல் போனால் ஊரே நம்பாது.

"லானி, கை எப்படி இருக்கு?"

வெளியே மைதானத்துக்குத் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. அவன் தன் வலது கையை மடியில் வைத்து, வேறு யாருடைய பொருளையோ பார்ப்பது போலப் பார்த்தான்.

"விரல்ல உணர்ச்சியே இல்ல, ஸ்கிப். அரை மணி நேரமா இந்தச் சட்டைப் பட்டனைக் கழட்டப் பாக்கறேன். கொஞ்சம் கழட்டி விடுறீங்களா?"