சந்திரம்மாவின் தூரம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இருந்தால் என் மிச்சப் பல்லும் விழட்டும். மிச்சம் இரண்டுதான்.

ஸ்ரீராம்புரம் வீட்டை விற்றாயிற்று. பிள்ளைகள் சாமான்களைப் பங்கு போட்டார்கள். கிரைண்டர் ரவிக்கு, பீரோ முகேஷுக்கு.

அம்மா ரவிக்கு, அப்பா முகேஷுக்கு.

ரவி வீட்டில் கைக்குழந்தை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முகேஷ் வீட்டில் இன்னும் ஒரு கட்டில் போடத்தான் இடம். நியாயமான பங்கு. யாரும் சண்டை போடவில்லை. ஒருவன் ஊரின் தெற்குக் கோடியில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அந்தப் பக்கம், இன்னொருவன் வடக்குக் கோடியில் எலகங்காவுக்கு அந்தப் பக்கம்.

ரவி வீட்டுக்குப் போகும் லக்கேஜ் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் என் சம்சாரம் சந்திரம்மா ஏறி உட்கார்ந்தாள். மடியில் கிரைண்டர் கல்.

சயின்ஸ் வாத்தியார் ரிட்டையர் ஆனாலும் சட்டைப்பையில் சாக்பீஸ் ரிட்டையர் ஆகாது. எடுத்தேன். வாசலில் நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர். குறுக்கே ஒரு கோடு போட்டேன், அது நேரம். நெடுக்கே ஒன்று, அது எனக்கும் அவளுக்கும் நடுவில் உள்ள தூரம்.

"இன்னாய்யா, செவுத்துல கிறுக்கினு நிக்கிறே? வூட்ட வாங்குனவன் வந்து திட்டப்போறான்." ஆட்டோவிலிருந்தே சந்திரம்மா கத்தினாள்.

ஆட்டோ கிளம்பியது. இரண்டுக்கும் நடுவில் நான் இழுத்த மூன்றாவது கோடு ஏறியது. ஏறினால் விலகிப் போகிறாள் என்று அர்த்தம். செங்குத்தாக ஏறினால் சீக்கிரமாகப் போகிறாள்.

தெருமுனையில் ஆட்டோ மறைந்தது. அதற்குமேல் சத்தத்தை வைத்து வரைந்தேன். எனக்குக் காது மந்தம் என்று டாக்டர் சொன்னாராம். அவர் சொன்னதே எனக்குக் கேட்கவில்லை, எப்படி நம்புவது?

ஓகளிபுரம் பாலத்தடியில் ஆட்டோ நின்றது. கோடு படுத்தது. படுத்தால் நிற்கிறாள். விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை.

அப்புறம் திரும்பினாள்.

கோடு இறங்கிய வேகத்தில் சாக்பீஸிலிருந்து புகை வந்தது. பக்கத்து வீட்டு லட்சுமம்மா ஓடிவந்து சொம்புத் தண்ணீரை ஊற்றி அணைத்தாள்.

ஆட்டோ நிற்பதற்குள் சந்திரம்மா குதித்தாள், கிரைண்டர் கல்லோடு.

"காலைல போடற மாத்திரை எது, ராத்திரி போடறது எதுன்னு தெரியுமாய்யா உனுக்கு? நவுரு."

வாசற்படியில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். கோடு அடியைத் தொட்டது. அந்த இடத்தில் தூரம் பூஜ்யம்.

முகேஷ் அழுதான். ரவி சாமான்களை இறக்கினான்.

நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். வீட்டை வாங்கிய எத்திராஜ் இன்னும் வாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. என் கோடு அப்படியே இருக்கிறது.

ஏறுகிறது. ஏறிய உயரத்திலேயே படுக்கிறது. சுவர் முடியும்வரை படுத்தபடியே போகிறது.

இறங்கும் கோடு அதில் கிடையாது.