மேல்வீட்டுப் பாட்டு

"பழை...ய பாட்டு ஒண்ணு போ...டம்மா...!"

ரோஸி கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, தண்ணீர் பாட்டிலை மைக்காகப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். கிறிஸ்துமஸ் கேக் வெட்ட மொட்டைமாடியில் கூடியிருந்த மொத்தக் குடித்தனமும் விழுந்து விழுந்து சிரித்தது.

இரண்டாம் மாடி சுந்தரராமன் தொடையில் தாளம் தட்டினார். "பலே! இந்த சீசனுக்கே சபாவுல சான்ஸ் கேளும்மா!"

மயிலாப்பூரின் அந்தச் சின்ன அடுக்ககத்தில் எல்லோருக்கும் அந்த ராகம் அத்துப்படி. வாயால் சொன்னால் பாட்டுப் போடும் ஸ்பீக்கர் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. மற்றவர்கள் அதனிடம் பேசுவார்கள். மூன்றாம் மாடிப் பிரபாகர் மட்டும் தினமும் காலையில் அதனிடம் பாடுவான்.

சிரிப்பு சட்டென்று நின்றது. ரோஸி கண்ணைத் திறந்தாள். படிக்கட்டுக் கதவருகே கேக் தட்டோடு பிரபாகர் நின்றிருந்தான்.

அவன் வாய் லேசாகத் திறந்து மூடியது. சிரிக்க முயன்றான். தட்டைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

"இன்னாடி இது, வாயா வௌக்கமாறா?" வீட்டுக்குள் நுழைந்ததும் லூர்துமேரி மகளைப் பிடித்துக்கொண்டாள். "பட்டினப்பாக்கத்துல மீன் விக்கிறவ நானு. நானே ஒரு மனுசன நாலு பேரு எதிர்ல இப்டி நோவடிச்சது கெடையாது."

"அவருக்குத் திமிரும்மா."

"அந்தப் புள்ளைக்கா? உனுக்கு இன்னா பண்ணுச்சு அது?"

ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் ரோஸியின் கோபமே. தரமணிக்குப் போகும் ஆபீஸ் பஸ்ஸுக்காக ஆறு மாதமாக இருவரும் ஒரே வாசலில் நிற்கிறார்கள். மழை வந்தால் குடையை நீட்டுவான், ஜன்னல் சீட்டை அவளுக்கு விடுவான், அவள் பார்க்காதபோது பார்ப்பான். பேச மட்டும் மாட்டான். ஒரு நாள் வெட்கத்தை விட்டு அவளே, "உங்க பேரு என்ன?" என்று கேட்டாள். கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

"ஒரு மெஷினைக் கொஞ்சிக் கொஞ்சிப் பாடத் தெரியுது. எங்கிட்ட ஒரு வார்த்தை பேச வாய் வலிக்குதாம்மா?" கேட்டுவிட்டு ரோஸி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லூர்துமேரி மகளை உற்றுப் பார்த்தாள். "ஓகோ, கத அப்டிப் போவுதா?" அவள் குரல் இறங்கியது. "காலைல மொத வேலையா போய் மன்னிப்புக் கேளு. அப்பால பேசுறதும் பேசாததும் அது இஷ்டம்."

மறுநாள் காலை மேல்வீட்டிலிருந்து பாட்டு வரவில்லை. பல் துலக்கும்போதும் தலை வாரும்போதும் அந்த அமைதி ரோஸியின் காதைக் கூசவைத்தது. ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த பிரபாகர் லுங்கியில் இருந்தான். ஆபீஸுக்குக் கிளம்பும் கோலமே இல்லை. அவன் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. வாசலில் கிடந்த மிதியடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"நேத்து நான் பண்ணது ரொம்ப அசிங்கம். ராத்திரி பூரா தூக்கமே வரலை. தயவுசெஞ்சு பழையபடி பாடுங்க. இல்ல, எல்லாரையும் மாதிரி சும்மா பேசிச் சொன்னாலும் அந்த ஸ்பீக்கர் கேக்கும். அப்புறம் யாரும் சிரிக்க மாட்டாங்க."

அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டு உள்ளே போய், அலமாரி மேலிருந்த ஸ்பீக்கரின் தலையைத் தட்டினான். நீல விளக்கு எரிந்தது.

இந்த முறை அவன் பாடவில்லை.

"ப... ப... ப..." கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் இறுக மூடிக்கொண்டன. "பழ... ப... ப..."

"மன்னிக்கவும். நீங்கள் சொன்னது புரியவில்லை" என்றது ஸ்பீக்கர். விளக்கு அணைந்தது.

ரோஸி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். பாட்டாக வந்தால் மட்டும் திக்காமல் வருகிற நாலு வார்த்தைகள். அவற்றைத்தான் அவள் நேற்று ஊர் சிரிக்கக் கடை பரப்பியிருந்தாள். இத்தனை நாளும் குடையாகவும் ஜன்னல் சீட்டாகவும் அவன் பேசியது அவளுக்குத்தான் கேட்கவில்லை.

பிரபாகர் அவள் பக்கம் திரும்பினான். "ரோ... ரோ..."

கீழே ஆபீஸ் பஸ் ஹாரன் அடித்தது. அவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். 'போங்கள்' என்பதுபோல் படிக்கட்டைக் கையால் காட்டினான்.

ஹாரன் மறுபடியும் அடித்தது. ரோஸி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நாற்காலியை அவன் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பஸ் போகட்டும். நீங்க மெதுவா சொல்லுங்க."