பிரிண்டரோடு வந்த திருடன்

"ஐயோ, நம்ம வீட்டுக்குள்ள திருடன் பூந்துட்டான்!"

கணவன் போட்ட கூச்சலில் மனைவி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். "எங்கங்க?"

"ரவுட்டர்ல!" சோபாவில் சாய்ந்தபடியே போனைக் காட்டினான்.

முந்தின நாள்தான் ஆபீஸில் இணையப் பாதுகாப்பு பற்றி அரை நாள் வகுப்பு எடுத்திருந்தார்கள். அதற்கே இவ்வளவு அலட்டல்.

"முக்கால்வாசி வீட்டு ரவுட்டருக்கு அட்ரஸ் ஒண்ணுதான். அதை அடிச்சு, பாஸ்வேர்டு 'அட்மின்'னு போட்டா எவன் வேணா உள்ள போயிடலாம். இங்க பாரு, நம்ம நெட்டுல எத்தனை பேர் குடியிருக்கான்னு!"

"பாஸ்வேர்டை நேத்தே மாத்திட்டேன்னு பீத்திக்கிட்டீங்களே?"

"திருடன் மறுபடி பழசையே வெச்சிருக்கான். கில்லாடி."

"சாமி, உங்களுக்குப் புண்ணியமா போகும், இப்ப எதையும் நோண்டாதீங்க. பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. வேலையை விட்டு மூணு வருஷம் ஆச்சு, இதையும் கெடுத்துடாதீங்க."

இன்டர்வியூ எடுப்பவர் வேறு யாருமில்லை, மாடி வீட்டு மேடம்தான். படியேறினால் நேரிலேயே பேசிவிடலாம். ஆனால் லேப்டாப்பில்தான் பேச வேண்டும் என்பது அவர் கம்பெனியின் சட்டம். என்ன செய்ய?

"உனக்காகத்தானேடி பண்றேன்" என்றவன், தன் போனைத் தவிர மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே தள்ளினான். "ஒரு டிவி... ஒரு பிரிண்டர்..."

"திருட வந்தவன் பிரிண்டரையுமா தூக்கிட்டு வந்தான்?"

"உனக்கு ஒரு எழவும் தெரியாது, சும்மா இரு." வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றி, புதியதைத் தன் போனில் மட்டும் போட்டுவிட்டு, கோட்டையைப் பிடித்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். "இது புது பாஸ்வேர்டே கேக்கலையே?"

"நீ என் பொண்டாட்டின்னு அதுக்குத் தெரியும்."

மணி பதினொன்று ஆயிற்று. திரையில் அவள் முகம் மட்டும்தான் இருந்தது. பதினொன்றேகாலுக்கும் மேடம் வரவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பெரிய மனுஷங்கன்னாலே இப்படித்தான், சொன்ன நேரத்துக்கு வரமாட்டாங்க" என்று ஆறுதல் வேறு.

வாசல் மணி அடித்தது. மாடி வீட்டு மேடம் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"மன்னிச்சிடும்மா. எவனோ எங்க வைஃபைக்குள்ள பூந்து டிவி, பிரிண்டர், என் லேப்டாப் எல்லாத்தையும் வெளியே தள்ளிட்டான். போன மாசம் உங்க நெட் போனப்ப சாருக்குக்கூட பாஸ்வேர்டு குடுத்தேனே, அதே வைஃபைதான். அவன் மட்டும் என் கையில சிக்கட்டும்..."

மனைவி கணவனின் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அது இன்னமும் மாடி வீட்டு வைஃபையில்தான் இருந்தது.

"உள்ள வாங்க மேடம்" என்றாள். "திருடர் சோபாலதான் உக்காந்திருக்கார்."