ஒற்றை ஸ்டார்

"யோவ்! படுத்தா பாறாங்கல்லு, எந்திரிச்சா இடியா? ஊருக்கெல்லாம் விடிஞ்சாச்சு, உனக்கு மட்டும் விடியலையா? எந்திரிய்யா!"

கை கழுவி, மாஸ்க் கட்டி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வந்த மகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கத்தியது நர்ஸ். வாயில் குழாயோடு கிடந்தது அவன் அப்பா. ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். அவர் தெருவில் நடந்தால் சைக்கிளில் போகிறவன்கூட இறங்கி, 'வணக்கம் சார்' சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஏறுவான்.

"யாரைப் பார்த்து யோவ்ங்கிறீங்க?"

"ஒரு நிமிஷம் சார்," என்றவள் திரும்பக்கூட இல்லை. அப்பாவின் காதோரம் குனிந்தாள். "கேக்குதா இல்லையா? காதுல என்ன பஞ்சா?"

அப்பாவின் புருவம் சுளித்தது. 

டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார்: "மயக்க மருந்தை நிறுத்தியாச்சு. கண்ணைத் திறந்து, சொன்னதைச் செஞ்சார்னா குழாயை எடுத்துடலாம். இல்லேன்னா தொண்டையில துளை போடணும்."

இந்த நேரத்திலா இப்படி ஒரு வாய்!

வெளியே வந்தவன் உட்காரவில்லை. சுவருக்கும் சுவருக்கும் நடந்தான். கண்ணாடியை ஒட்டி அம்மா நின்றிருந்தாள். இருமல் இருப்பதால் அவளை உள்ளே விடவில்லை.

"என்னடா, குட்டி போட்ட பூனையாட்டம்?"

"அந்தப் பட்டாசு நர்ஸ் அப்பாவை யோவ்ங்கிறாம்மா! நீயே ஒரு நாளாவது 'வாங்க, போங்க' தவிர வேற பேசியிருப்பியா? பாவம், புருவத்தைச் சுளிச்சார்மா."

"சுளிச்சாரா?" அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "நிஜமாவா?" மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல் முந்திக்கொண்டது.

சுவரில் ஒரு பலகை. 'இந்த மாதத்தின் சிறந்த செவிலியர் யார்?' நோயாளியின் சொந்தக்காரர்கள், பிடித்தவர் படத்துக்குக் கீழே ஆளுக்கொரு ஸ்டார் ஒட்டலாம். சிரித்த முகத்து சிஸ்டருக்குக் கீழே வானமே இறங்கி வந்திருந்தது. பட்டாசுக்குக் கீழே ஒன்றே ஒன்று.

"இதை ஒட்டின மகராசன் யாரோ! அவனுக்குக் காது டமாரம் போல."

தன் ஸ்டாரைச் சிரித்த முகத்துக்குக் கீழே அழுத்தி ஒட்டிவிட்டு, அதே வேகத்தில் தலைமை நர்ஸின் அறைக்குப் போனான்.

"அந்தம்மா வேண்டாம். வேற ஆளைப் போடுங்க."

"சார், எங்ககிட்ட இருக்கிறதிலேயே அவங்கதான்…"

"எதுவும் சொல்லாதீங்க. எங்கப்பாவை யோவ்ங்கிறவங்க அவர் பக்கத்துல நிக்கக் கூடாது."

பட்டாசு வந்தாள். "அப்படியா பேசினே?" என்று தலைமை நர்ஸ் கேட்டாள். பட்டாசு வாசல் வழியே கண்ணாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அங்கே அம்மா இன்னும் இருமிக்கொண்டிருந்தாள்.

"பேசினேன் மேடம். தப்புதான்."

ஒரு காரணம் சொல்ல வேண்டுமே! ஊஹூம். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

இப்போது அப்பாவிடம் சிரித்த முகம். தேன் தடவின குரல்.

"ஐயா… கண்ணைத் திறங்க ஐயா… என் கையைப் பிடிங்க பார்ப்போம்…"

ஐயா அசையவில்லை. தாலாட்டு கேட்டு எவன் எழுந்திருப்பான்?

மறுபடியும் ஐயா. மறுபடியும் கல். மகன் நகத்தைக் கடித்தான், நடந்தான், நின்றான், நடந்தான்.

டாக்டர் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம். அதுக்கப்புறம் துளைதான்."

அம்மா மகனின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"டேய், அந்தப் பட்டாசைக் கூப்பிடு."

"உனக்கென்ன பைத்தியமா? அவ பேசுற பேச்சுக்கு…"

"அது அவ பேச்சு இல்லடா." அம்மா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தாள். "என் பேச்சு."

"என்னம்மா உளர்றே?"

"நாலு பேர் முன்னாடிதான்டா 'வாங்க, போங்க'. கதவைச் சாத்திட்டா யோவ்தான். லேட்டா வர்ற பிள்ளைங்களையெல்லாம் வெயில்ல நிக்க வச்ச மனுஷன், நான் திட்டாம ஒரு நாள் எந்திரிச்சதில்லை. 'வீட்ல எப்படிம்மா எழுப்புவீங்க?'ன்னு அந்தப் பொண்ணுதான் கேட்டா. என்னை உள்ள விட மாட்டேங்கிறாங்களே! ஒவ்வொரு திட்டா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வெளியில சொல்லிடாதே தாயி, மானம் போயிடும்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன்."

மகன் கண்ணாடி வழியே அப்பாவைப் பார்த்தான்.

"புருவத்தைச் சுளிச்சார்னியே, அது வலி இல்லடா. தினமும் முதல்ல அதைச் சுளிப்பார். அப்புறம்தான் கண்ணைத் திறப்பார்."

மகன் பலகையைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒற்றை ஸ்டார்.

"அப்ப, அது…?"

"நீ சொன்ன காது டமாரம் நான்தான். போடா, நிக்காதே!"

ஓடினான். அவசரத்தில் மாஸ்க்கைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான். அவள் அடுத்த கட்டில்காரரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் மருந்துக்கும் இல்லை.

"சொல்லுங்க சார்."



"சிஸ்டர்… எங்கப்பாவைக் கொஞ்சம் வந்து திட்டுறீங்களா?"