நான்காவது கவளம்

"ஜப்பான்ல பொறந்துட்டு சுஷி சாப்பிட்டதே இல்லையா?"

பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தோழி மதோகாவிடம் கேட்டாள். பச்சை மீன் எனக்கு ஒத்துக்காது என்று மதோகா சொன்னாள். அம்மா பழக்கி வைத்த பதில் அது. இருபது வயது வரை அவளும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது அவள் வடகோடியில், ஒட்டாரு துறைமுகத்துக்கு மேலே, எட்டே இருக்கைகள் உள்ள ஒரு சுஷிக் கடையில் உட்கார்ந்திருந்தாள். நீண்ட பலகைக்கு அந்தப் பக்கம் கத்தியோடு நின்றவர் அவளுடைய அப்பா.

அவர் வீட்டைவிட்டுப் போனபோது அவளுக்கு மூன்று வயது. அவரால் அவளை எப்படி அடையாளம் காண முடியும்?

மார்ச் மாதம் அம்மா இறந்துபோனாள். நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு மதோகா அலமாரியை ஒழித்தாள். அம்மாவின் குளிர்காலத் துணிகளுக்கு அடியில் பதினேழு புத்தாண்டு வாழ்த்து அட்டைகள் இருந்தன. எல்லாவற்றிலும் அப்பாவின் பெயர், இந்தக் கடையின் முத்திரை. கையால் எழுதிய ஒரு வரி கூட இல்லை.

மே மாத விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகிறேன் என்று வேலை செய்யும் இடத்தில் சொன்னாள். வரும் வழியிலேயே முடிவும் செய்துகொண்டாள். அவராக அடையாளம் கண்டுகொண்டால், அம்மா போன செய்தியைச் சொல்வது. இல்லாவிட்டால், எல்லோரையும் போலச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவது.

"வாங்க. தனியாவா?" என்றார் அவர்.

தலையாட்டினாள்.

"மதியச் சாப்பாடுதானே?"

அதற்கும் தலையாட்டினாள். அவ்வளவுதான். அவர் மீன் பக்கம் திரும்பிவிட்டார்.

பக்கத்து இருக்கையில் மீன் ஏலக்கடையில் வேலை பார்க்கும் ஹமாதா. தினமும் வருகிறவர் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அப்பாவின் இப்போதைய மனைவி டீக் கெண்டியோடு வந்தாள்.

"ஹமாதா அண்ணே, குடியை நிறுத்துறேன்னு நேத்துச் சத்தியம் பண்ணீங்களே."

"நேத்தே நிறுத்தியாச்சும்மா. இன்னைக்குப் புதுசா ஆரம்பிக்கிறேன்."

அவள் சிரித்துக்கொண்டே மதோகாவின் கோப்பையையும் நிரப்பினாள். நல்ல சிரிப்பு. அதைப் பார்க்க மதோகாவுக்குப் பிடிக்கவில்லை.

முதல் கவளம் வந்தது. வெள்ளை மீன். ஹமாதா செய்வதைப் பார்த்து அவளும் கையாலேயே எடுத்தாள்.

சோறு ஆறியும் இல்லை, சூடாகவும் இல்லை. உடம்புச் சூட்டில் இருந்தது. அவர் உள்ளங்கையிலிருந்து நேராக அவள் விரலுக்கு வந்த சூடு. வாயில் போட்டதும் சோறு தானாக உதிர்ந்தது. மெல்லக்கூட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றையும் அவள் முன்னால் வைக்கும்போது, இப்போது நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்திருந்தாள். அவர் பார்வை கை அளவுக்கு மேலே ஏறவில்லை.

போதும், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று தோன்றியது.

நான்காவது கவளம், கணவாய் மீன். ஹமாதாவுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்.

கண்ணாடி போல மெல்லிய சதை. ஹமாதாவுடையதில் சதைக்கு அடியில் பச்சை நிழல் தெரிந்தது. அவளுடையது வெறும் வெள்ளை.

ஹமாதா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தலைவரே, வயசாயிடுச்சா? பாப்பாவுக்கு வசாபி வைக்க மறந்துட்டீங்களே. பால்பல் விழாத பிள்ளைங்களுக்குல்ல நீங்க இப்படிப் பிடிப்பீங்க." அவள் பக்கம் திரும்பினார். "நீ காரம் வேணாம்னு சொன்னியாம்மா?"

"இல்லீங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஹமாதாவுக்குக் கவளம் உருட்டும்போதெல்லாம் அப்பாவின் விரல் ஓரத்திலிருந்த பச்சை வசாபி விழுதைத் தொட்டுக்கொண்டு போனது. அவளுக்கு உருட்டும்போது அதைத் தாண்டிப் போனது. வெளியூர்க்காரர்களுக்கு இப்படித்தான் போலும் என்று அவள் நினைத்திருந்தாள். கணவாய்க்கு மட்டும் இல்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அப்படித்தான்.

அவள் வாய் திறப்பதற்கு முன்பே வந்த அந்த முதல் கவளத்துக்கும்.

அவர் கையில் ஐந்தாவதுக்கான சோறு பாதி உருண்டையாக நின்றது. விரல் பச்சை விழுதை நோக்கிப் போனது. தொடாமல் நின்றது.

சிரித்துக்கொண்டிருந்த ஹமாதா கோப்பையைக் கீழே வைத்தார். கெண்டியோடு நின்ற மனைவி கணவனைப் பார்த்தாள். பிறகு மதோகாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியை, கண்ணை, வாயை, ஒவ்வொன்றாக.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் மனதுக்குள் நூறு முறை சொல்லிப் பார்த்த வாக்கியம். வாயைத் திறந்தாள்.

"அம்மா..."

அவர் பாதிச் சோற்றை மரத் தொட்டியில் திருப்பிப் போட்டார். கைதேர்ந்த எந்தச் சமையல்காரரும் செய்யாத காரியம். ஈரத் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கத்தியைத் துடைத்து, கூர் தன் பக்கமாக வைத்தார். நீலத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள்.

உள்ளே பின்கதவு இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அது மெதுவாக, அடிபடாமல், மூடிக்கொண்டது.